குடியானவர் வீடு தேடிப் போன பல்கலைக்கழகம்

1933-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். ஒரு சனிக்கிழமை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் முழுவதும் பனிப்புயல் சீறிக்கொண்டிருந்தது. சாலை எது, வயல் எது என்று தெரியவில்லை. அந்தப் புயலில் ஒரு குடியானவர் தன் லாரியை ஓட்டிக்கொண்டு மாடிசன் நகருக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த தூரம் 190 மைல்!

லாரியில் அவர் கொண்டு வந்த சாமான்கள் விசித்திரமானவை. செத்துப்போன ஒரு கிடேரி. ஒரு பால் கேன் நிறைய ரத்தம். 100 பவுண்டு உலர்ந்த தீவனம். கேனில் இருந்த ரத்தம் உறையவே இல்லை. தண்ணீர் போல ஆடிக்கொண்டிருந்தது.

மாட்டு வைத்திய அதிகாரியின் அலுவலகத்தைத் தேடினார். பூட்டியிருந்தது. பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் மட்டும் ஆள் நடமாட்டம் தெரிந்தது. உள்ளே நுழைந்தார். அங்கே இருந்தவர் கார்ல் பால் லிங்க் என்ற ரசாயனப் பேராசிரியர்.

"என் மாடுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. என்ன செய்யட்டும்?" என்பதுதான் குடியானவரின் கேள்வி.

பேராசிரியரால் அன்று என்ன பதில் சொல்ல முடிந்தது? அதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் வேறொரு கேள்வி இருக்கிறது. மாடு செத்தால் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டலாம் என்ற எண்ணம் ஒரு குடியானவருக்கு எப்படி வந்தது? பட்டம் வாங்கும் இடத்துக்கும் பால் கறப்பவனுக்கும் என்ன சம்பந்தம்?

அந்தச் சம்பந்தத்தின் கதைதான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கதை.

நிலம் கொடுத்த சட்டம்

அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தலைக்கு மேல் வெள்ளம். ஆனாலும் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் 1862 ஜூலை 2-ம் தேதி ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சட்டத்தைக் கொண்டு வந்தவர் ஜஸ்டின் மோரில் என்பவர். கொல்லர் ஒருவரின் மகன். வசதிக் குறைவினால் கல்லூரி வாசலை மிதிக்காதவர். தமக்குக் கிடைக்காத படிப்பு மற்றவர்களின் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தார். முன்பே ஒரு முறை அவருடைய மசோதா நிறைவேறி, 1859-ல் அப்போதைய ஜனாதிபதி புகானன் அதைத் தள்ளிவிட்டார். மோரில் விடவில்லை.

சட்டத்தின் சாரம் எளிது. காங்கிரஸில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை அங்கத்தினர்களோ, அத்தனை 30 ஆயிரம் ஏக்கர் நிலம் அதற்கு உண்டு. அதை விற்று வரும் பணத்தை முதலாக வைத்து, விவசாயமும் யந்திரத் தொழிலும் கற்றுத்தரும் கல்லூரி நடத்த வேண்டும். மற்றப் படிப்புகளும் இருக்கலாம். ஆனால் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு இடம் இருக்க வேண்டும்.

விஸ்கான்சினுக்கு அப்போது 8 அங்கத்தினர்கள். கணக்குப் போட்டால் 2 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கர்! 1866-ல் மாடிசனில் இருந்த பல்கலைக்கழகமே இந்த நிலத்தின் பயனைப் பெறும் நிலையமாயிற்று.

இரவல் அறையில் ஆரம்பம்

பல்கலைக்கழகம் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1848-ல் விஸ்கான்சின் தனி மாநிலம் ஆயிற்று. அதே ஆண்டில் பல்கலைக்கழகச் சட்டமும் வந்தது. 1849 பிப்ரவரியில் முதல் வகுப்பு. சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு பெண்கள் பள்ளியில் இரவல் வாங்கிய இடம். ஒரே ஓர் ஆசிரியர், ஜான் ஸ்டெர்லிங். மாணவர்களும் இருபது பேருக்கு மேல் இல்லை.

1851-ல் குன்றின் மேல் முதல் கட்டடம் எழுந்தது. 'நார்த் ஹால்' என்று பெயர். படிப்பதும் அங்கேதான், படுப்பதும் அங்கேதான்.

அந்தக் கட்டடத்தில் 1860-களில் தங்கிப் படித்தவர்களில் ஒருவர் ஜான் மியூர். பிற்காலத்தில் அமெரிக்காவின் காடுகளையும் மலைகளையும் காப்பாற்றப் போராடிப் பெயர் பெற்றவர். அன்று அவர் குடியானவர் வீட்டுப் பையன். மரத்தைச் செதுக்கிச் செதுக்கி ஒரு மேஜை செய்தார். அதில் கடிகாரப் பொறி உண்டு. குறித்த நேரத்துக்கு ஒரு புத்தகத்தை மேலே தூக்கித் திறந்து காட்டும். நேரம் முடிந்ததும் அதைக் கீழே தள்ளி, அடுத்த புத்தகத்தை நீட்டும்! விடியற்காலையில் தூங்குபவனைக் கவிழ்த்துவிடும் கட்டில் ஒன்றும் செய்தார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தக் கட்டிலுக்கு என்ன விலையும் கொடுப்பார்கள்!

பெண்களுக்கு வழி எளிதாகத் திறக்கவில்லை. போரினால் ஆண் மாணவர்கள் குறைந்தபோது, 1863-ல் ஆசிரியப் பயிற்சிப் பிரிவில் பெண்கள் சேர்ந்தார்கள். பின்னால் வந்த தலைவர் சாட்போர்ன், ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதைக் கடுமையாக எதிர்த்தார். காலம் அவரை எப்படித் தண்டித்தது, தெரியுமா? பெண்கள் விடுதிக்கே 'சாட்போர்ன் ஹால்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

பாலும் தண்ணீரும்

விஸ்கான்சின் ஒரு காலத்தில் கோதுமை நாடு. மண் சத்து இழந்தது. பூச்சி பிடித்தது. குடியானவர்கள் மாடு வளர்ப்புக்குத் திரும்பினார்கள்.

அங்கே ஒரு புதுத் தொல்லை. பாலை எடை போட்டுத்தான் பணம் கொடுத்தார்கள். தண்ணீர் கலந்தவனுக்கும் அதே பணம், கலக்காதவனுக்கும் அதே பணம். ஆடையை எடுத்துவிட்டு வெறும் பாலை ஊற்றியவனும் அதே வரிசையில் நின்றான். யோக்கியன் நஷ்டப்பட்டான். நல்ல பசு வளர்ப்பதில் யாருக்கு ஆர்வம் வரும்?

பல்கலைக்கழகத்தின் விவசாய ரசாயனப் பேராசிரியர் ஸ்டீபன் பாப்காக் இதற்கு ஒரு வழி தேடினார். 1890-ல் கண்டுபிடித்தார். நீண்ட கழுத்துள்ள கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பால். அதில் அளவாகக் கந்தகத் திராவகம். திராவகம் மற்ற சத்துக்களைக் கரைத்துவிடும். வெண்ணெய்ச் சத்து மட்டும் மிஞ்சும். குப்பியை யந்திரத்தில் வைத்துச் சுழற்றி வெந்நீர் ஊற்றினால், வெண்ணெய் கழுத்துக்கு ஏறி நிற்கும். கழுத்தில் கோடு போட்டிருக்கும். எத்தனை கோடு என்று படிக்க வேண்டியதுதான்!

கிராமத்துப் பால் நிலையத்தில் யாரும் செய்யக்கூடிய பரிசோதனை. வாக்குவாதம் இல்லை, சத்தியம் இல்லை. குப்பியே சாட்சி!

பாப்காக் நினைத்திருந்தால் உரிமைப் பதிவு செய்து செல்வம் குவித்திருக்கலாம். அவர் செய்யவில்லை. மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி மக்களுக்கே சொந்தம் என்று விட்டுவிட்டார்.

இதே காலத்தில்தான் குடியானவர் பிள்ளைகளுக்குக் குளிர்கால வகுப்பு தொடங்கியது. வயலில் பனி மூடி வேலை இல்லாத மாதங்களில் வந்து படிக்கலாம். பேராசிரியர்களும் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டார்கள். 190 மைலுக்கு அப்பால் இருந்த ஒரு குடியானவருக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டலாம் என்று தோன்றியது இப்படித்தான்.

எல்லைச் சுவர் எது?

மாடிசன் நகரில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டேட் ஸ்டிரீட் என்ற தெருவின் ஒரு கோடியில் மாநிலச் சட்டசபை மாளிகை. மறு கோடியில் பல்கலைக்கழகம். நடந்தால் ஒரு மைல் இருக்கலாம்.

இந்த ஒரு மைலை அதிகம் பயன்படுத்திக்கொண்டவர்கள் இரண்டு நண்பர்கள். ஒருவர் சார்லஸ் வான் ஹைஸ். 1903-ல் பல்கலைக்கழகத் தலைவர் ஆனார். மற்றவர் ராபர்ட் லா ஃபாலெட். அப்போது மாநிலக் கவர்னர். இருவரும் 1879-ல் இதே பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பட்டம் பெற்றவர்கள்.

மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் பல்கலைக்கழகத்தின் பயன் போய்ச் சேரும் வரையில் தமக்குத் திருப்தி இல்லை என்று வான் ஹைஸ் சொன்னார். பல்கலைக்கழகத்தின் எல்லை அதன் மதில் அல்ல, மாநிலத்தின் எல்லையே அதன் எல்லை என்பது கொள்கையாயிற்று. 'விஸ்கான்சின் கொள்கை' என்றே இதற்குப் பெயர்.

சொல்லோடு நிற்கவில்லை. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு நஷ்ட ஈடு தரும் சட்டம் 1911-ல் வந்தது. வேலை இழந்தவருக்கு உதவித்தொகை தரும் சட்டம், அமெரிக்காவிலேயே முதல் தடவையாக, 1932-ல் இங்கே வந்தது. இவற்றின் பின்னால் இந்தப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர்களின் உழைப்பு இருந்தது. முதியோருக்கு ஓய்வூதியம் தரும் 1935-ம் ஆண்டுத் தேசியச் சட்டத்தை உருவாக்கியதில் பெரும் பங்கு கொண்ட எட்வின் விட்டே இங்குள்ள பேராசிரியர்தான்.

வானொலி புதிதாக வந்தபோது அதையும் விடவில்லை. 1921-லேயே பல்கலைக்கழக ஒலிபரப்பு நிலையம் தினசரி வானிலைச் செய்தியைப் பேச்சாக ஒலிபரப்பத் தொடங்கியது. பனி வருமா, மழை வருமா என்பது குடியானவரின் வீட்டுக்குள்ளேயே கேட்டது.

சலித்துப் புடைத்து...

உண்மை சொல்பவனுக்கு எதிரி உண்டு. 1894-ல் ரிச்சர்ட் எலி என்ற பொருளாதாரப் பேராசிரியர் மீது புகார் வந்தது. வேலைநிறுத்தத்தை ஆதரிக்கிறார், மாணவர்களுக்கு ஆபத்தான கருத்துக்களைப் போதிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. புகார் சொன்னவர் மாநிலக் கல்வி அதிகாரி.

விசாரணை நடந்தது. பல்கலைக்கழக நிர்வாகிகள் எலியைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். அதோடு ஒரு பிரகடனமும் செய்தார்கள். உண்மையை அறிய வேண்டுமானால் தானியத்தைச் சலித்துப் புடைப்பது போலக் கருத்துக்களைச் சலித்துப் புடைக்க வேண்டும். மற்ற இடங்களில் என்ன தடை இருந்தாலும், இங்கே அந்த வேலைக்குத் தடை கூடாது என்பது அதன் பொருள்.

முறம் பிடித்த கைகளுக்குப் புரியும் உவமை! அந்த வாசகத்தை வெண்கலப் பலகையில் வார்த்து, குன்றின் உச்சியில் உள்ள பாஸ்கம் மண்டபத்தில் பதித்திருக்கிறார்கள்.

கேனில் வந்த மருந்து

இப்போது நம் குடியானவரிடம் வருவோம்.

பேராசிரியர் லிங்க் அன்று சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: "கெட்டுப்போன இந்தத் தீவனத்தை இனிப் போடாதீர்கள். முடிந்தால், நோய் கண்ட மாட்டுக்கு நல்ல மாட்டின் ரத்தத்தை ஏற்றிப் பாருங்கள்." குடியானவர் மறுபடியும் அந்தப் பனியில் 190 மைல் திரும்பிப் போனார். வந்ததற்குப் பலன் என்று அவர் கையில் ஒன்றும் இல்லை.

ஆனால் கேன் அங்கேயே இருந்தது. ரத்தம் அங்கேயே இருந்தது. லிங்கும் அவருடைய உதவியாளர்களும் அன்றே வேலையைத் தொடங்கினார்கள். அது ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது!

'ஸ்வீட் குளோவர்' என்ற தீவனச் செடிக்கு இனிய வாசனை உண்டு. அந்த வாசனைப் பொருள் தீங்கற்றது. தீவனம் ஈரத்தில் பூசணம் பிடித்தால், அதே பொருள் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் நஞ்சாக மாறுகிறது. 1939-ல் அந்த நஞ்சைப் படிகமாகப் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

நஞ்சு என்று குப்பையில் போடவில்லை. ரத்தம் கட்டிக்கொள்ளும் நோயாளிக்கு இதுவே மருந்து ஆகலாமே! ஆயிற்று. அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளை 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு விட்டார்கள். பெயர் 'வார்ஃபரின்'. 1954-ல் அதுவும் மனிதர் மருந்தாக அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அந்த மருந்து கொடுக்கப்பட்டது. நம் ஊரிலும் இருதய வால்வு மாற்றிக்கொண்ட எத்தனையோ பேர் அந்த மாத்திரையில்தான் உயிர் வாழ்கிறார்கள்.

பெயரிலும் ஒரு கதை உண்டு. ஹாரி ஸ்டீன்பாக் என்ற பேராசிரியர் 1920-களில், உணவின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் வைட்டமின் 'டி' உண்டாகிறது என்று கண்டார். குழந்தைகளின் எலும்பு வளையும் நோய்க்கு வழி பிறந்தது. ஓட்ஸ் கம்பெனி ஒன்று பெருந்தொகை தர முன்வந்தது. அவர் வாங்கவில்லை. 1925-ல் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தார்கள். உரிமைப் பணம் அதற்குப் போய், அங்கிருந்து மறுபடி ஆராய்ச்சிக்கே வந்தது. அந்த நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துக்கள் 'வார்ஃப்'. அதிலிருந்து பிறந்த பெயரே வார்ஃபரின்.

ஏரிக்கரை வாழ்க்கை

பல்கலைக்கழகத்தின் வடபுறம் மெண்டோட்டா ஏரி. கோடையில் பாய்மரப் படகு. குளிர்காலத்தில் ஏரி உறைந்து கல்லாகிவிடும். மாணவர்கள் அதன் மேல் நடந்து திரிவார்கள்!

கரையில் 1928-ல் திறந்த மாணவர் மாளிகை இருக்கிறது. அதன் வெளி முற்றத்தில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிற இரும்பு நாற்காலிகள். மாலையில் அங்கே உட்கார்ந்து சூரியன் ஏரியில் இறங்குவதைப் பார்க்காமல் பட்டம் வாங்கியவர் கிடையாது. பால் பண்ணைப் பிரிவு தானே தயாரித்து விற்கும் ஐஸ்கிரீமுக்கு எப்போதும் கூட்டம். அது விற்கும் கட்டடத்துக்குப் பாப்காக்கின் பெயர்தான்.

உள்நாட்டுப் போரில் 70 ஆயிரம் சிப்பாய்கள் பயிற்சி பெற்ற இடம் கேம்ப் ராண்டால். இன்று அது கால்பந்து மைதானம். அதில் 75 ஆயிரம் பேர் உட்காரலாம். மாணவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுக்குக் குதிக்கும்போது மேடையே அதிரும்.

குறும்புக்கும் குறைவில்லை. மாணவர் சங்கத்தைக் கைப்பற்றிய ஒரு கோமாளிக் கட்சி, 1979-ல் உறைந்த ஏரியின் மேல் சுதந்திர தேவி சிலையின் தலையையும் தீவட்டியையும் மட்டும் செய்து வைத்தது. சிலை நீரில் மூழ்கிக் கிடப்பது போல ஒரு காட்சி! அதே ஆண்டு வகுப்புத் தொடங்கிய நாளில் குன்று முழுவதும் பிளாஸ்டிக் நாரைகள் நின்றன. எத்தனை? 1,008! நம் ஊர் அர்ச்சனைக் கணக்கு அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ!

கணக்குப்பிள்ளையின் மகன்

நம் நாட்டவர்க்கும் இந்தக் குன்று புதிதல்ல. பஞ்சாபில் ஒரு சிறு கிராமத்தில் கிராமக் கணக்குப்பிள்ளையின் மகனாகப் பிறந்தவர் ஹர் கோவிந்த் கொரானா. 1960 முதல் 1970 வரை இங்கே ஆராய்ச்சி செய்தார். உயிரணுவுக்குள் எழுதியிருக்கும் குறியீட்டைப் படிக்க வழி கண்டதற்காக 1968-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கும்பகோணத்தில் பிறந்து, கோவை விவசாயக் கல்லூரியில் படித்த எம். எஸ். சுவாமிநாதன் 1952-ல் இங்கே வந்து உருளைக்கிழங்கில் ஆராய்ச்சி செய்தார். இங்கேயே வேலை தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று 1954-ல் தாயகம் திரும்பினார். பிறகு நம் வயல்களில் நடந்த பசுமைப் புரட்சி எல்லோரும் அறிந்தது.

இங்கிருந்து அங்கே போனது போல, அங்கிருந்து இங்கேயும் வந்தார்கள். விஸ்கான்சின் மாணவர்கள் மதுரையில் தங்கித் தமிழ் படிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகள் நடந்தது. இந்தியாவில் விவசாயப் பல்கலைக்கழகங்கள் தோன்றியபோதும் முன்மாதிரியாகக் கொண்டது அமெரிக்காவின் இந்த நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களைத்தான். பாடம், ஆராய்ச்சி, கிராமப் பணி மூன்றும் ஒரே கூரையின் கீழ் என்பது அந்த ஏற்பாடு. 1960-ல் பந்த்நகர் முதலாவது. 1971-ல் கோவையிலும் வந்தது.

இருண்ட இரவு

எல்லாம் பெருமை என்று எழுதிவிட்டால் அது புடைக்காத தானியம்.

வியட்நாம் போர்க் காலத்தில் இந்தக் குன்று கொதித்தது. 1967 அக்டோபரில், போருக்கு நாபாம் குண்டு தயாரித்த கம்பெனி ஆள் எடுக்க வந்தபோது மாணவர்கள் மறித்தார்கள். போலீஸ் கட்டடத்துக்குள் புகுந்து தடியால் அடித்தது.

1970 ஆகஸ்ட் 24, விடியற்காலை. ராணுவக் கணித ஆராய்ச்சி நிலையம் இருந்த ஸ்டெர்லிங் மண்டபத்தை எதிர்ப்பாளர்கள் நால்வர் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அங்கே இராக்கண் விழித்து வேலை செய்துகொண்டிருந்த 33 வயது பௌதிக ஆராய்ச்சியாளர் இறந்துபோனார். அவருக்கும் ராணுவ ஆராய்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை. மனைவியும் மூன்று குழந்தைகளும் நிர்க்கதியானார்கள். போரை நிறுத்தக் கிளம்பியவர்கள் செய்த கொலை அது.

யாருடைய நிலம்?

இன்னொரு கணக்கு அதைவிடப் பழையது. சர்க்கார் 2 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கர் தானம் கொடுத்தது, சரி. அந்த நிலம் சர்க்காருக்கு ஏது?

அது பூர்வகுடி மக்களின் நிலம். ஒப்பந்தம் என்ற பெயரில் அவர்களிடமிருந்து வாங்கியது. மாடிசனில் பல்கலைக்கழகம் நிற்கும் இடமே ஹோ-சங்க் மக்களுடையது. 1832-ல் அவர்களைக் கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினார்கள். பிறகு திரும்பத் திரும்ப விரட்டினார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவர்களுடைய முன்னோர் பறவை வடிவிலும் விலங்கு வடிவிலும் எழுப்பிய மண்மேடுகள் இன்றும் பல்கலைக்கழகத் தோப்புகளுக்குள் இருக்கின்றன. மாணவர்கள் பக்கத்தில் நடந்து போகிறார்கள்.

இதை ஒப்புக்கொள்ளும் கல்வெட்டு ஒன்றை 2019-ல் குன்றின் மேல் வைத்தார்கள். 2023 டிசம்பரில், மாநிலத்தின் பூர்வகுடி இனங்களைச் சேர்ந்த மாணவர்களின் பட்டப் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. 190 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சிறு வட்டி! முதல் இன்னும் பாக்கி.

அடிக்கப்பட்ட சொற்கள்

2015-ல் ஒரு சம்பவம். மாநிலக் கவர்னரின் பட்ஜெட் மசோதாவைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் நோக்கத்தைச் சொல்லும் சட்டப் பகுதியில் சில சொற்கள் அடிக்கப்பட்டிருந்தன. உண்மையைத் தேடுவது, மக்கள் வாழ்வை உயர்த்துவது, மதிலுக்கு வெளியே அறிவைக் கொண்டுபோவது ஆகியவை போய், வேலைக்கு ஆள் தயாரிப்பது என்று வந்திருந்தது.

ஒரே கூச்சல்! பத்திரிகைகள் எழுதின, பட்டதாரிகள் கொதித்தார்கள். அது எழுத்துப் பிழை என்று சொல்லிக் கவர்னர் பின்வாங்கினார். சொற்கள் பிழைத்தன. ஆனால் மாநிலத்தின் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் பணத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் வெட்டப்பட்டது. பணம் பிழைக்கவில்லை.

இரவல் அறையில் பிறந்த பல்கலைக்கழகத்தில் 2023-ல் மாணவர் தொகை 50 ஆயிரத்தைத் தாண்டியது. மனிதக் கருவின் மூல உயிரணுக்களை 1998-ல் முதன்முதலாகப் பிரித்து வளர்த்தது இங்கேதான். இவையெல்லாம் பெருமைதான். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் பெரியதா, சிறியதா என்பதை அளக்க வேறொரு கோல் உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம். வெளியே புயல். கையில் பால் கேனுடன் படிக்காத ஒருவன் வந்து நிற்கிறான். கதவு திறந்திருக்கிறதா? உள்ளே இருப்பவர் அவன் கேள்வியைத் தன் கேள்வியாக எடுத்துக்கொள்கிறாரா?

விஸ்கான்சினில் அன்று கதவு திறந்திருந்தது. நம் ஊர்க் கல்லூரிகளின் கதவுகளையும் ஒரு முறை தட்டிப் பார்க்கலாமே!